டிகேஐஎம் போட்டும் விடுதி மெயில் ஸ்பாமுக்குப் போகிறது: நாம் ஹோஸ்ட் செய்யும் டொமைன்களுக்கு யார் கையெழுத்துப் போடுவது?

திங்கள்சந்தை சர்வீஸ்:

எல்லாருக்கும் வணக்கம். திங்கள்சந்தையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே ரீசெல்லர் ஹோஸ்டிங் (சர்வர் இடத்தை மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பது) எடுத்து, சுற்றுவட்டாரத்தில் கேட்பவர்களுக்கு வெப்சைட்டும் மெயிலும் போட்டுக் கொடுக்கிறேன். இப்போது மூன்று பேர் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

கன்னியாகுமரியில் ஒரு விடுதி. சபரிமலை சீசன் வரப் போகிறது. ரூம் உறுதி மெயில் ஜிமெயில்காரர்களுக்கு ஸ்பாமில் கிடக்கிறது. சிலருக்குப் போன மெயில் 550 5.7.26 என்ற எண்ணோடு திரும்பியே வந்துவிடுகிறது. சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) டிகேஐஎம், அதாவது டொமைன் பெயரில் மெயிலில் விழும் டிஜிட்டல் கையெழுத்து, போட்டாயிற்று. சோன் எடிட்டரில் (டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளைத் திருத்தும் இடம்) ரெக்கார்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்தது கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸ். முந்திரிப் பருப்பு ஏற்றுமதி. அவர்களுக்கு மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில், வெப்சைட் மட்டும் என்னிடம். வளைகுடாவில் இருக்கும் சில வியாபாரிகளுக்கு மெயில் போகிறது, சிலருக்குப் போகவே இல்லை. முன்பு வேலை பார்த்த பையன் டிமார்க் ரெக்கார்டில் (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) ‘ரிஜெக்ட்’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

தக்கலையில் ஒரு பள்ளிக்கூடம். வெப்சைட்டிலிருந்து போகும் கட்டண நினைவூட்டல் பெற்றோர் யாருக்கும் கிடைப்பதில்லையாம்.

இதற்கு நடுவில் விடுதி முதலாளி, “ஆடிட்டர் கையில டிஜிட்டல் சிக்னேச்சர் பென்டிரைவ் இருக்குல்லா, அதை வாங்கி மெயில்ல குத்திவிட வேண்டியதுதானே” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

வேளிமலை:

தம்பி, முதலில் விடுதியைப் பார்ப்போம். சோன் எடிட்டரில் ரெக்கார்டு தெரிகிறது என்கிறீர்கள். எந்த சோன் எடிட்டரில்? அந்த டொமைனின் நேம்சர்வர் (டொமைன் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்) உங்கள் ஹோஸ்டிங்கைக் காட்டுகிறதா, அல்லது டொமைன் வாங்கிய இடத்தையே காட்டுகிறதா? ‘டிக்’ அல்லது ‘என்எஸ்லுக்கப்’ கட்டளை போட்டுப் பாருங்கள். சிபேனலில் ‘இமெயில் டெலிவரபிலிட்டி’ பக்கத்தைத் திறந்தால், இந்த டொமைனின் டிஎன்எஸ் இந்த சர்வரின் கட்டுப்பாட்டில் இல்லை என்ற பொருளில் ஒரு எச்சரிக்கையும் இருக்கும். பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை.

ஹோஸ்ட் செய்த டொமைன்களில் இதுதான் பெரிய குழி. சிபேனல் தன் பாட்டுக்குக் கையெழுத்துக்கான சாவி உருவாக்கும், தன் சோனில் ரெக்கார்டை எழுதும், வெளியே போகும் ஒவ்வொரு மெயிலிலும் கையெழுத்தும் போடும். ஆனால் உலகம் கேட்பது நேம்சர்வரிடம். அது வேறு இடத்தில் இருந்தால், நீங்கள் எழுதிய ரெக்கார்டை யாருமே பார்க்கப் போவதில்லை.

550 5.7.26 என்றால் எஸ்பிஎஃப் (இந்த டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் இரண்டுமே தேறவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் எஸ்பிஎஃப் ரெக்கார்டும் அதே தவறான சோனில்தான் இருக்கும்.

திங்கள்சந்தை சர்வீஸ்:

அண்ணே, நீங்கள் சொன்னதேதான். நேம்சர்வர் டொமைன் விற்ற கம்பெனியிடம் இருக்கிறது. வாங்கியது விடுதி முதலாளியின் மருமகன். அவர் மஸ்கட்டில். லாகின் கேட்டால் ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவருக்கு டூட்டி முடிந்த பிறகுதான் உள்ளே போக முடியும். அங்கே இருக்கும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு பழைய ஹோஸ்டிங்கைக் காட்டுகிறது. டிகேஐஎம் ரெக்கார்டே இல்லை.

பழைய பாலம்:

எதற்கு இவ்வளவு பாடு? எஸ்பிஎஃப் ஒன்றைச் சரி பண்ணினால் போதும். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் விதியைக் கடுமையாக்கியபோது, சாதாரணமாக அனுப்புகிறவனுக்கு கூகுள் கேட்டது எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம், ஏதாவது ஒன்று. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயில் அனுப்புகிறவனுக்குத்தான் இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். விடுதிக்காரர் 5,000 பேருக்கா மெயில் அனுப்புகிறார்?

வேளிமலை:

விதிப்படி நீங்கள் சொல்வது சரிதான் அண்ணாச்சி. ஆனால் எஸ்பிஎஃப் பார்ப்பது ஐபியை, அதாவது சர்வரின் எண் முகவரியை மட்டும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபியில் ஊர்ப்பட்ட டொமைன்கள் குடியிருக்கும். உங்கள் எஸ்பிஎஃப் அந்த ஐபியை அனுமதிக்கிறது என்றால், அதே சர்வரில் இருக்கும் பக்கத்துக் கணக்குக்காரன் உங்கள் பெயரில் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் தேறிவிடும். அவனை சர்வர்தான் தடுக்க வேண்டும், எஸ்பிஎஃப் தடுக்காது.

இன்னொன்று ஃபார்வர்டிங். விருந்தினர் தன் ஆபீஸ் மெயிலை ஜிமெயிலுக்குத் தானாகப் போகும்படி வைத்திருந்தால், ஜிமெயிலுக்கு அதைக் கொண்டு வருவது ஆபீஸ் சர்வரின் ஐபி. அது உங்கள் எஸ்பிஎஃப் பட்டியலில் எங்கே இருக்கும்? டிகேஐஎம் கையெழுத்து மெயிலுக்குள்ளேயே இருப்பதால், நடுவில் யாரும் உள்ளடக்கத்தைத் தொடாதவரை எத்தனை கை மாறினாலும் தேறும்.

கருங்கல் அண்டி ஆபீஸின் கதையும் அங்கேதான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். தம்பி, அவர்கள் அனுப்பிய ஒரு மெயிலை உங்கள் ஜிமெயிலில் திறந்து, ‘ஷோ ஒரிஜினல்’ போட்டு, டிகேஐஎம்-சிக்னேச்சர் ஹெடரில் ‘டி=’ என்பதற்குப் பிறகு எந்த டொமைன் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

திங்கள்சந்தை சர்வீஸ்:

அவர்கள் டொமைன் பெயரில் புள்ளி இருந்த இடத்தில் கோடு போட்டு, பின்னால் எண்களாக ஒரு வால், கடைசியில் ‘ஜிஆப்ஸ்எஸ்எம்டிபி டாட் காம்’. ஆனால் மேலே டிகேஐஎம் ‘பாஸ்’ என்றுதான் காட்டுகிறது.

வேளிமலை:

அதுதான். வொர்க்ஸ்பேஸ் வாங்கிவிட்டு, அட்மின் கன்சோலில் டிகேஐஎம் சாவி உருவாக்கி டிஎன்எஸ்ஸில் போடாமல் விட்டால், கூகுள் தன் சொந்த டொமைன் பெயரில் கையெழுத்துப் போடும். கையெழுத்து செல்லும், ஆனால் அது உங்கள் கையெழுத்து இல்லை. மைக்ரோசாஃப்ட் 365லும் இதே கதைதான், அங்கே ‘ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம்’ என்று வரும்.

டிமார்க் கேட்பது ஒரே கேள்வி: ‘ஃப்ரம்’ முகவரியில் தெரியும் டொமைனும், எஸ்பிஎஃப்பிலோ டிகேஐஎம்மிலோ தேறிய டொமைனும் பொருந்துகிறதா? நேராகப் போகும் மெயிலில் எஸ்பிஎஃப் பொருந்திவிடுவதால் பிழைத்துக்கொள்கிறது. கொள்முதல் செய்யும் வியாபாரி தன் மெயிலை வேறு பெட்டிக்குத் திருப்பி வைத்திருந்தால், எஸ்பிஎஃப் போய்விடும். டிகேஐஎம் தேறினாலும் கூகுள் பெயரில் இருப்பதால் பொருந்தாது. அந்தப் பையன் போட்ட ‘ரிஜெக்ட்’ மெயிலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். சிலருக்குப் போகிறது, சிலருக்குப் போகவில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வொர்க்ஸ்பேஸ் சாவியைப் போட்டு, ‘ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்’ பட்டனையும் அழுத்துங்கள். ரெக்கார்டைப் போட்டுவிட்டு இந்தப் பட்டனை அழுத்தாமல் போகிறவர்கள் நிறைய. டிமார்க்கைத் தற்காலிகமாக ‘நன்’ என்று இறக்கி, அறிக்கை வரும் முகவரி ஒன்றையும் அதில் சேருங்கள். தினமும் எக்ஸ்எம்எல் கோப்பாக அறிக்கை வரும். படிக்கச் சள்ளைதான். ஆனால் உங்கள் டொமைன் பெயரில் யார் யார், எந்த ஐபியிலிருந்து அனுப்புகிறார்கள் என்பது அதில்தான் தெரியும். பழைய பில்லிங் சாஃப்ட்வேர், வெப்சைட் ஃபாரம் என்று மறந்துபோன ஆட்கள் எல்லாம் வெளியே வருவார்கள். அவர்களை எல்லாம் ஒழுங்குபடுத்திய பிறகு ‘ரிஜெக்ட்’ போடலாம்.

குளச்சல் அலை:

நான் ஒரு மீன் ஏற்றுமதி ஆபீஸில் சிஸ்டம் பார்க்கிறேன். எங்களுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. சாவி சரி, ரெக்கார்டு சரி, ‘டி=’ எங்கள் டொமைன். இருந்தும் டிகேஐஎம் ‘ஃபெயில்’. காரணம் ‘பாடி ஹேஷ் டிட் நாட் வெரிஃபை’. தேடிப் பார்த்தால், வெளியே போகும் வழியில் ஒரு ஸ்பாம் ஃபில்டர், எல்லா மெயிலின் அடியிலும் ‘இந்த மெயில் ரகசியமானது’ என்று நாலு வரி ஒட்டுகிறது. கையெழுத்துப் போட்ட பிறகு ஒட்டினால் எப்படித் தேறும்? அந்த நாலு வரியை மெயில் சர்வரிலேயே, கையெழுத்துக்கு முன்னால் சேர்க்கும்படி மாற்றினோம். சரியாகிவிட்டது.

தோவாளை மல்லி:

பூ வியாபாரத்துக்கு ஒரு சின்ன ஆர்டர் சைட் நடத்துகிறேன். டெக்னிக்கல் ஆள் இல்லை. ‘பாடி ஹேஷ்’ என்றால் என்ன, யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

வேளிமலை:

சொல்கிறேன் அக்கா. உங்கள் மெயில் கிளம்பும்போது சர்வர் இரண்டு வேலை செய்கிறது. மெயிலின் உடல் முழுவதையும் ஷா-256 என்ற கணக்கில் போட்டு ஒரு சிறிய கைரேகை எடுக்கிறது. அது ‘பிஎச்=’ என்ற இடத்தில் உட்காரும். ஒரு கமா மாறினாலும் அது வேறாகிவிடும். அப்புறம் அந்தக் கைரேகையையும், ஃப்ரம், டூ, சப்ஜெக்ட், தேதி போன்ற ஹெடர்களையும் சேர்த்து, சர்வரிடம் ரகசியமாக இருக்கும் சாவியான பிரைவேட் கீயால் கையெழுத்துப் போடுகிறது. ஃப்ரம் கட்டாயம் சேர வேண்டும், மற்றவை அனுப்புகிறவர் விருப்பம்.

மெயில் போய்ச் சேரும் இடத்தில், ‘டி=’ டொமைனையும் ‘எஸ்=’ என்ற செலக்டர் பெயரையும் படித்து, டிஎன்எஸ்ஸில் அதன் ஜோடிச் சாவியான பப்ளிக் கீயைத் தேடி எடுத்துச் சரிபார்ப்பார்கள். செலக்டர் என்பது சாவிக்கு வைத்த பெயர். ஒரு டொமைனுக்கு எத்தனை சாவி வேண்டுமானாலும் இருக்கலாம்: ஹோஸ்டிங்குக்கு ஒன்று, மொத்த மெயில் அனுப்பும் சேவைக்கு ஒன்று.

வெற்று இடைவெளி மாறினால்கூடக் கெட்டுப் போகாமலிருக்க ‘ரிலாக்ஸ்டு’ என்ற முறை உண்டு. ‘சிம்பிள்’ முறை கிட்டத்தட்ட எதையும் மன்னிக்காது. உங்கள் சர்வரில் ‘சி=’ என்ற இடத்தில் ரிலாக்ஸ்டு இரண்டு தடவை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழித்துறை வக்கீல்:

ஆடிட்டர் பென்டிரைவ் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன்படி உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம், ஒரு நபரின் அடையாளத்தைச் சரிபார்த்து அந்த நபருக்குக் கொடுப்பது. டெண்டர், வரித் தாக்கல், கம்பெனிப் பதிவு இவற்றுக்கு அதுதான். நீங்கள் பேசுவது டொமைன் தனக்குத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சாவி, யாரும் உரிமம் தருவதில்லை. ஆடிட்டரின் டோக்கனைக் கடன் வாங்கி விடுதி மெயிலில் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. அது அந்த நபரின் கையெழுத்து.

எனக்கும் ஒரு கேள்வி. ஒரு வழக்கில் எதிர்த்தரப்புக்காரர், இந்த மெயிலை நான் அனுப்பவே இல்லை என்கிறார். டிகேஐஎம் ‘பாஸ்’ என்று இருக்கும் பிரின்ட் அவுட்டை வைத்து வாதாடலாமா?

வேளிமலை:

சட்டம் உங்கள் பாடு சார், கணக்கை நான் சொல்கிறேன். டிகேஐஎம் தேறினால், அந்த டொமைனின் சாவி வைத்திருக்கும் சர்வர் வழியாக இந்த மெயில் இந்த வடிவத்தில் போனது என்று சொல்லலாம். கீபோர்டில் விரல் வைத்தது யார் என்று சொல்ல முடியாது. பிரின்ட் அவுட்டை நம்பாதீர்கள், முழு ஹெடரோடு மூல மெயில் கோப்பை எடுத்து வையுங்கள். டிஎன்எஸ்ஸில் இருக்கும் பப்ளிக் கீயையும் இன்றே குறித்து வையுங்கள். நாளை அவர்கள் அந்தச் சாவியை எடுத்துவிட்டால் சரிபார்க்க வழி இருக்காது.

குழித்துறை வக்கீல்:

பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவுச் சான்றிதழ் எப்படியும் வேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். மூலக் கோப்பு இருந்தால் அதற்கும் உதவும். நன்றி.

பழைய பாலம்:

சரி, ஒப்புக்கொள்கிறேன், ஃபார்வர்டிங் விஷயம் நியாயம். ஆனால் பிரைவேட் கீ இருப்பது ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரில். அப்படியென்றால் கையெழுத்துப் போடுவது நானா, அவனா?

வேளிமலை:

அவன்தான், உங்கள் பெயரில். கடை முத்திரையைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து வைப்பது மாதிரி. தவிர்க்க முடியாது, ஆனால் யாரிடம் கொடுத்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஹோஸ்டிங்காரனிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு டொமைனுக்கும் தனிச் சாவியா, எல்லாவற்றுக்கும் ஒன்றா? லாகின் செய்த கணக்குக்கு உரிய டொமைனுக்கு மட்டும்தான் கையெழுத்தா, ஃப்ரம்மில் என்ன இருந்தாலும் போட்டுவிடுமா? இரண்டாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் நான் அந்த இடத்தை மாற்றுவேன். ஷேர்டு சர்வரில் எஸ்பிஎஃப்புக்கு இருக்கும் அதே ஓட்டை அங்கே டிகேஐஎம்முக்கும் வந்துவிடும்.

சில மொத்த மெயில் சேவைகள் சாவியை எழுத்தாகவே வைக்கும் டிஎக்ஸ்டி ரெக்கார்டு தராமல், வேறொரு பெயரைக் காட்டும் சிநேம் ரெக்கார்டு தருவார்கள். சாவி அவர்கள் பக்கம் இருக்கும், நீங்கள் அங்கே கை காட்டுகிறீர்கள். சாவி மாற்றும் வேலை அவர்களுடையது. மருமகன் மஸ்கட்டில் இருக்கும் வீடுகளுக்கு இது வசதி.

திங்கள்சந்தை சர்வீஸ்:

நேற்று இரவு மருமகன் ஓடிபி தந்தார். ரெக்கார்டு போட்டேன். இப்போது செக் பண்ணினால் சாவியே கிடைக்கவில்லை என்கிறது. பெயர் பகுதியில் ‘டிஃபால்ட் புள்ளி அடிக்கோடு டொமைன்கீ புள்ளி’, அதற்குப் பிறகு முழு டொமைனும் கொடுத்தேன், சிபேனலில் இருந்தபடியே.

குளச்சல் அலை:

பல பேனல்களில் டொமைன் பெயரை அதுவே கடைசியில் ஒட்டிக்கொள்ளும் மக்கா. இப்போது உங்கள் ரெக்கார்டு டொமைன் பெயர் இரண்டு தடவை வருகிற ஒரு முகவரியில் கிடக்கும். ‘டொமைன்கீ’ என்பதோடு நிறுத்துங்கள்.

திங்கள்சந்தை சர்வீஸ்:

மாற்றினேன். இப்போது ரெக்கார்டு வருகிறது, ஆனால் சாவி செல்லாது என்கிறது. ஒட்டிய சாவி நீளமாக இருந்தது, சேமித்த பிறகு பார்த்தால் பின்பாதி காணோம்.

வேளிமலை:

2048 பிட் சாவி. அதன் எழுத்து வடிவம் 390ஐத் தாண்டும். டிஎக்ஸ்டி ரெக்கார்டில் ஒரு துண்டுக்கு 255 பைட்தான் இடம். நல்ல பேனல் தானே இரண்டாக வெட்டி வைக்கும், சில பேனல் சத்தமில்லாமல் வாலை நறுக்கிவிடும். இரண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் தனி மேற்கோள் குறிக்குள் வைத்து, நடுவில் ஒரு இடைவெளி விட்டு ஒரே ரெக்கார்டாகப் போடுங்கள். படிக்கிறவர்கள் சேர்த்துப் படித்துக்கொள்வார்கள். இரண்டு தனி ரெக்கார்டாகப் போட்டுவிடாதீர்கள், காரியம் கெட்டுவிடும்.

பழைய பாலம்:

1024 பிட் போட்டால் ஒரே துண்டில் அடங்கிவிடுமே?

வேளிமலை:

அடங்கும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8301 என்ற இணையத் தர ஆவணத்தின்படி 1024தான் குறைந்தபட்சம், 2048 போடச் சொல்லிப் பரிந்துரை. 2012இல் ஜாக்கரி ஹாரிஸ் என்ற கணித வல்லுநர், கூகுளே தன் டொமைனுக்கு 512 பிட் சாவி வைத்திருப்பதைக் கண்டுபிடித்து, வாடகைக் கிளவுட் கம்ப்யூட்டரில் அதை உடைத்து, கூகுள் நிறுவனர் ஒருவர் பெயரில் இன்னொருவருக்கு மெயில் அனுப்பிக் காட்டினார். பதில் வரவில்லை, ஆனால் சீக்கிரமே சாவி 2048 ஆகிவிட்டது. பேனல் வசதி இல்லை என்பதற்காக 1024க்கு இறங்க வேண்டாம். பேனலை மாற்றுங்கள், அல்லது நேம்சர்வரை உங்கள் ஹோஸ்டிங்குக்கே கொண்டு வாருங்கள். கொண்டு வரும் முன் எம்எக்ஸ் (வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் ரெக்கார்டு) உட்படப் பழைய ரெக்கார்டு எல்லாவற்றையும் நகல் எடுங்கள்.

தோவாளை மல்லி:

தக்கலை பள்ளிக்கூடத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். என் சைட்டிலும் அதே பிரச்சினை இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

குளச்சல் அலை:

அவர்கள் ஃப்ரம்மில் என்ன முகவரி போட்டிருக்கிறார்கள்? ஜிமெயில் முகவரியா?

திங்கள்சந்தை சர்வீஸ்:

ஆமாம், பள்ளிக்கூடத்தின் ஜிமெயில். அனுப்புவது என் சர்வர்.

குளச்சல் அலை:

அது நடக்காது. ஜிமெயில் டொமைனுக்குக் கையெழுத்துப் போட உங்களிடம் சாவி ஏது? வேண்டாம் என்று கூகுளே தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. பள்ளி டொமைனிலேயே ஒரு முகவரி உண்டாக்கி அதை ஃப்ரம்மில் போடுங்கள், ஜிமெயில் முகவரியை ‘ரிப்ளை-டூ’வில் வையுங்கள். பெற்றோர் பதில் போட்டால் ஜிமெயிலுக்கே வரும். மல்லி அக்காவுக்கும் இதே மருந்துதான்.

தோவாளை மல்லி:

செய்துவிட்டேன், இன்பாக்ஸில் வருகிறது! இனிமேல் என் பெயரில் யாரும் போலி மெயில் அனுப்ப முடியாது, அப்படித்தானே?

வேளிமலை:

அப்படி இல்லை அக்கா. டிமார்க் ‘ரிஜெக்ட்’ வரை போனால், உங்கள் டொமைனை அப்படியே போட்டு ஏமாற்றுவது கஷ்டமாகும். ஆனால் ஒரு எழுத்து மட்டும் மாற்றி வேறு டொமைன் வாங்கி, அதற்குச் சாவி போட்டு அனுப்பினால், அதுவும் ‘பாஸ்’தான். ஏற்றுமதிக்காரர்களிடம் ‘எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது’ என்று வரும் மோசடி மெயில்களில் இந்த வழி சகஜம். பாஸ்வேர்டு திருடி உண்மையான பெட்டியிலிருந்தே அனுப்பினாலும் கையெழுத்து சரியாகவே விழும். தம்பி, உங்கள் அண்டி ஆபீஸ்காரரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அக்கவுன்ட் எண் மாற்றம் என்று மெயில் வந்தால், பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. வாங்குகிற வியாபாரிகளுக்கும் அவர் அதையே எழுதி வைக்கட்டும்.

திங்கள்சந்தை சர்வீஸ்:

சொல்லிவிடுகிறேன் அண்ணே. விடுதி மெயிலில் இப்போது எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் பாஸ். ஜிமெயிலில் பெயருக்குக் கீழே இருக்கும் அம்புக்குறியைத் தட்டினால் ‘சைன்டு-பை’ என்று விடுதி டொமைனே வருகிறது. கருங்கல்லிலும் சாவி போட்டாயிற்று, முன்பு மெயில் போகாத வியாபாரிகளில் ஒருவருக்கு இப்போது போய்ச் சேர்ந்ததாக அண்டி ஆபீஸ்காரர் சொன்னார். மற்றவர்களிடம் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்த டொமைன்களை எல்லாம் அடுத்த மாதம் ஒரு விபிஎஸ்ஸுக்கு (எனக்கென்று தனியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர்) மாற்றப் போகிறேன். சாவியை என்ன செய்வது?

வேளிமலை:

புது சர்வரில் புதுச் சாவி, புது செலக்டர் பெயர். இரண்டு சர்வரும் ‘டிஃபால்ட்’ என்ற ஒரே பெயரை வேறு வேறு சாவிக்கு வைத்தால், ஒன்றின் கையெழுத்து கட்டாயம் தோற்கும். புது ரெக்கார்டை முதலில் டிஎன்எஸ்ஸில் போட்டு, வெளியே தெரிகிறதா என்று பார்த்த பிறகு அனுப்பத் தொடங்குங்கள். பழைய ரெக்கார்டை உடனே அழிக்காதீர்கள். கிளம்பிப் போய் எங்காவது வரிசையில் நிற்கும் மெயில்கள் நாலைந்து நாள் கழித்தும் போய்ச் சேரலாம். ஒரு வாரம் விட்டு எடுங்கள். விபிஎஸ் ஐபிக்கு பிடிஆர் ரெக்கார்டு (ஐபியிலிருந்து பெயரைக் காட்டுவது) வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் சோனில் இல்லை, ஐபி தருகிறவர் கையில் இருக்கிறது. எஸ்பிஎஃப்பில் புது ஐபியைச் சேருங்கள். அதில் ‘இன்க்ளூட்’ போன்றவற்றைச் சேர்க்கும்போது மட்டும் பத்து டிஎன்எஸ் தேடல் என்ற வரம்பைத் தாண்டிவிடாதீர்கள். விடுதி டொமைனுக்கு மட்டும், மருமகன் ஊருக்கு வரும் சமயம் பார்த்து நேம்சர்வரையும் மாற்றி வாங்கிவிடுங்கள்.

திங்கள்சந்தை சர்வீஸ்:

கிறிஸ்துமஸுக்கு வருகிறாராம். அன்றைக்கே பிடித்துவிடுகிறேன்.